கடை வாடிக்கையும் காண்டிராக்ட் வாடிக்கையும்



கல்லாவில் உட்கார்ந்தபடி, தேடி வருகிற வாடிக்கையை மட்டும் நம்பிக் கடை நடத்திய காலம் போய்விட்டது. தெருவுக்குத் தெரு பெரிய அங்காடிகள் வந்துவிட்டன. கைப்பேசியைத் தட்டினால் வீட்டு வாசலில் சரக்கு இறங்குகிறது. மாதப் பிறப்பன்று சிட்டை எழுதி அனுப்பும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதை நாம் ஒவ்வொருவரும் நம் பேரேட்டிலேயே பார்க்கிறோம். அதனால்தான் நம் உறுப்பினர்களில் பலர் கல்லூரி விடுதி, மருத்துவமனைக் கேண்டீன், ஆலைக் கேண்டீன், உணவகம் என்று மொத்தமாகச் சரக்குக் கொடுக்கும் காண்டிராக்ட் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முப்பது ஆண்டு கடை நடத்தியவரும் காண்டிராக்டில் முதல் ஆண்டு புதியவரே. கடையில் படிந்த பழக்கங்களில் சில அங்கே கைகொடுக்கும். சில காலை வாரிவிடும். எங்கள் காலை வாரிவிட்டது. அந்தக் கதையையும் சேர்த்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

வாடிக்கையாளர் யார்?

கடைக்கு வரும் அம்மா தாமே சரக்கைப் பார்க்கிறார், தாமே பணம் கொடுக்கிறார், தாமே சமைக்கிறார். பிடிக்காவிட்டால், "போன வாரம் கொடுத்த புளி ஒரே கொட்டை அண்ணாச்சி" என்று மறுநாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். நாம் மாற்றிக் கொடுக்கிறோம், விஷயம் முடிந்தது. காண்டிராக்டில் இந்த ஒரே ஆள் நான்கு பேராகப் பிரிந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் வார்டன் அல்லது தாளாளர். மூட்டையை எடைபோட்டு இறக்குகிறவர் ஸ்டோர் கீப்பர். உலையில் போடுகிறவர் சமையல் மாஸ்டர். காசோலை எழுதுகிறவர் கணக்கர்.

இந்த நான்கு பேரும் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒன்றல்ல. வார்டனுக்கு மாணவர்களிடமிருந்து புகார் வரக்கூடாது. ஸ்டோர் கீப்பருக்குத் தம் இருப்புப் புத்தகமும் மூட்டையும் ஒத்துப்போக வேண்டும். தணிக்கையில் ஐந்து கிலோ குறைந்தால் அது அவர் தலையில்தான் விழும். மாஸ்டருக்கு நேற்று வெந்த நேரத்தில் இன்றும் வேக வேண்டும். கணக்கருக்கு ஒப்பந்த விலையும் பில் விலையும் பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். புதிதாகக் காண்டிராக்ட் எடுக்கும் நம்மவர்கள் வார்டனைப் பார்த்து வணக்கம் சொல்லி, பழக்கூடை கொடுத்துவிட்டு, உறவு அமைந்துவிட்டது என்று நினைத்து வந்துவிடுகிறார்கள். அந்த வார்டனை அதற்குப் பிறகு ஆண்டில் நான்கு முறை பார்த்தால் அதிகம். வாரத்துக்கு இரண்டு முறை நம் வண்டி நிற்பது ஸ்டோர் வாசலில்தான். ஆகவே முதல் லோடு போகும்போது பையனை மட்டும் அனுப்பாமல் நாமே வண்டியில் ஏறிப் போவது நல்லது. எத்தனை மணிக்கு வந்தால் அவர்களுக்கு வசதி, மூட்டையை எங்கே அடுக்க வேண்டும், காலி டின்களை யார் எடுப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. அங்கே நின்றால்தான் தெரியும்.

2015இல் எங்களுக்கு நடந்தது

எங்கள் கடை முதன்முதலாகக் காண்டிராக்ட் எடுத்தது 2015 ஜூன் மாதம். நானூறு மாணவர் தங்கும் ஒரு கல்லூரி விடுதி. அரிசி வேறொருவருக்கு, பருப்பு, எண்ணெய், மசாலா, மற்ற மளிகை எங்களுக்கு. மாதம் ஏறக்குறைய 1,50,000 ரூபாய் வியாபாரம். கல்வியாண்டு முடியும் வரை ஒரே விலை என்று ஒப்பந்தம். துவரம் பருப்புக்குக் கிலோ 112 ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தோம். மாதம் 250 கிலோ போகும். 25,000 ரூபாய் டெபாசிட் கட்டினோம். அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்த ஆண்டு என்ன நடந்தது என்பது பருப்பு வியாபாரத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 2014, 2015 இரண்டு ஆண்டும் தென்மேற்குப் பருவமழை குறைந்து துவரை விளைச்சல் விழுந்தது. ஆடியில் ஏறத் தொடங்கிய விலை ஐப்பசியில் உச்சிக்குப் போனது. அக்டோபரில் பல ஊர்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மத்திய அரசு இருப்பு வரம்பை இறுக்கியது, பல மாநிலங்களில் கிடங்குகளில் சோதனை நடந்தது. எங்களுக்கு மண்டி அடக்கமே 170 ரூபாய் வரை போயிற்று. கிலோவுக்கு 58 ரூபாய் கைநட்டம். 250 கிலோவுக்கு மாதம் 14,500 ரூபாய்.

ஆகஸ்டிலேயே விலை ஏறுவது தெரிந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த விலையை மாற்றச் சொல்லிக் கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தோம். கடையில் படிந்த பழக்கம் இது. கடையில் ஒரு மூட்டை நட்டத்தில் போனால் அடுத்த மூட்டையில் சரிக்கட்டிக்கொள்ளலாம், வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. செப்டம்பரில் ஒரு மண்டியில் பழைய இருப்புத் துவரை கிலோவுக்கு 30 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டு மூட்டை எடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடுதிக்கு இறக்கினோம்.

மூன்றாம் நாள் காலை மாஸ்டரிடமிருந்து தொலைபேசி. "அண்ணாச்சி, பருப்பு வேகலை. எப்பவும் போடுற நேரத்துக்குப் போட்டேன், கல்லு மாதிரி நிக்குது." பழைய பருப்பு வேக நேரமாகும் என்பது கடைக்காரரான எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்போது வாயில் வந்தது, "தண்ணி மாறியிருக்கும் மாஸ்டர், உப்புத்தண்ணியா பாருங்க" என்பது. உப்புத்தண்ணீரில் பருப்பு சரியாக வேகாது என்பது உண்மைதான். ஆனால் அன்று நாங்கள் சொன்னது பொய். இந்த வரியை எழுதும்போது இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று காலை மாணவர்களில் பாதிப் பேர் சட்னியை மட்டும் தொட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். மாஸ்டருக்குத் திட்டு விழுந்தது. அவர் அடுத்த நாள் நல்ல தண்ணீரில் ஒரு பிடி பருப்பை வேகவைத்துப் பார்த்துவிட்டு, கிண்ணத்தோடு வார்டனிடம் போய்விட்டார்.

வார்டன் அழைத்தார். மண்டி பில்களை எடுத்துக்கொண்டு போனோம். விலை ஏறிய விவரம், எங்கள் நட்டம், எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "இதே பில்லை ஆகஸ்டில் கொண்டுவந்திருந்தால் நிர்வாகக் குழுவில் வைத்துப் பேசியிருப்பேன் அண்ணாச்சி. பத்திரிகையில் பருப்பு விலை வராத நாளில்லை, அவர்களுக்கும் தெரியும். இப்போது உங்களுக்காக நான் பேசினால், இந்தப் பருப்பை நானும் சேர்ந்துதான் இறக்கினேன் என்பார்கள்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

எட்டு மூட்டையில் மிச்சம் இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். கல்வியாண்டு முடியும் வரை நல்ல பருப்பை 112 ரூபாய்க்கே கொடுத்தோம். பருப்பில் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் போயிற்று. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. சமையல் மாஸ்டர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்கள். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கல்யாணங்களில் கூடுகிறவர்கள். அதன் பிறகு நாங்கள் கொட்டேஷன் கொடுத்த மூன்று இடங்களில் விலை எங்களுடையதுதான் குறைவு. மூன்றும் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

விலை இப்படித் தலைகீழாக ஏறினால் ஒப்பந்தம் தானே செல்லாமல் போய்விடாதா என்று நம் உறுப்பினர் சிலர் கேட்பதுண்டு. போகாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தத்துக்குத்தான் விலக்குத் தருகிறது. நட்டம் வருகிறது என்பது முடியாமல் போவது ஆகாது. இதற்கு நம் தொழிலை ஒட்டிய வழக்கே உண்டு. அலோபி பர்ஷாத் கம்பெனியார் ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் ஏஜெண்டுகளாக 1937இல் ஒப்பந்தம் செய்தவர்கள். 1939இல் உலகப் போர் மூண்டது. நிலைமை முற்றிலும் மாறிவிட்டது, ஆகவே எழுதியதற்கு மேல் தொகை வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எதிர்பாராத விலை ஏற்றமோ சூழ்நிலை மாற்றமோ ஒப்பந்தத்தில் எழுதிய விலையிலிருந்து ஒருவரை விடுவிக்காது என்று 1960இல் தீர்ப்பாயிற்று. உலகப் போருக்கே அந்தக் கதி என்றால் நம் துவரம் பருப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, இரண்டே வழிகள். ஒன்று, விலை மாறினால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது. மற்றொன்று, எழுதாமல் போனாலும் நட்டம் தாங்க முடியாத அளவுக்கு வரும் முன்பே, கையில் பில்லோடு நேரில் போய்ச் சொல்லிக் கேட்பது. இரண்டாவது வழியில் அவர்கள் மறுக்கலாம். மறுத்தால் எழுதிய விலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்டு மறுக்கப்பட்டவருக்கு அடுத்த ஆண்டு வாசல் திறந்திருக்கும். சொல்லாமல் சரக்கை மாற்றியவருக்குத் திறக்காது.

இரண்டாவது ஒப்பந்தம்

2017இல் ஒரு செவிலியர் கல்லூரி விடுதி எங்களை நம்பியது. இந்த முறை ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு பிரிவு சேர்க்கக் கேட்டோம். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல், புளி ஆகிய நான்குக்கு மட்டும், பத்திரிகைகளில் வரும் விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வது. ஒப்பந்த நாளின் விலையைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த மாத முதல் தேதியிலிருந்து விலையைத் திருத்திக்கொள்வது. மற்ற சரக்குகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலை. கணக்கர் முதலில் முகத்தைச் சுளித்தார். "இறங்கினாலும்" என்ற சொல்லைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

எங்கள் அதிர்ஷ்டம், அந்த ஆண்டு துவரை விளைச்சல் அமோகம், விலை சரிந்தது. முதன்முதலில் அந்தப் பிரிவை நாங்கள் பயன்படுத்தியது விலையைக் குறைப்பதற்காக. அவர்கள் கேட்கும் முன்பே, பத்திரிகைத் துண்டை இணைத்து, "வருகிற முதல் தேதி முதல் பருப்பு விலையைக் குறைத்திருக்கிறோம்" என்று கடிதம் கொடுத்தோம். கணக்கர் அதை இரண்டு முறை படித்தார். அந்தக் கடிதத்தின் பலன் ஐந்து ஆண்டு கழித்து 2022இல் கிடைத்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்திவைத்தது. எண்ணெய் விலையை உயர்த்திக் கேட்டு எழுதிய கடிதம் இரண்டே நாளில் கையெழுத்தாகி வந்தது. ஒரு கேள்வியும் இல்லை.

இடையில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதியை மூடியபோது, அவர்கள் ஸ்டோரில் பிரிக்காமல் இருந்த மூட்டைகளை நாங்களே போய் எடுத்து வந்து கணக்கில் கழித்துக்கொண்டோம். ஒப்பந்தப்படி எடுக்க வேண்டியதில்லை. எடுக்காவிட்டால் அத்தனையும் வண்டு விழுந்து போயிருக்கும். அவர்களும் எங்கள் பழைய பாக்கியை மூன்று தவணையில் தீர்த்தார்கள்.

மாதிரியும் எடையும்

கொட்டேஷனோடு கொடுக்கும் மாதிரியை நம்மவர்கள் சடங்காக நினைக்கிறார்கள். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரியின் தரத்தில் இருந்தாக வேண்டும். ஒத்துப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்பும் தர வேண்டும். கடையில் இருப்பதிலேயே பொறுக்கி எடுத்த மிளகாயை மாதிரியாகக் கொடுப்பவர் தம் கழுத்தில் தாமே கயிறு போட்டுக்கொள்கிறார். ஆண்டு முழுவதும் கொடுக்க முடிகிற நடுத்தரச் சரக்கையே மாதிரியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ வீதம் இரண்டு பொட்டலம் கட்டி, இரண்டிலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒன்றை அவர்கள் ஸ்டோரிலும் மற்றொன்றை நம் கடையிலும் வைத்துக்கொண்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. பருப்பு, பயறு மாதிரிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதிரியே வண்டடித்துப் போய்விடும்.

எடையில் சண்டை வருவது பெரும்பாலும் சாக்கால்தான். சணல் சாக்கு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் எடை நிற்கும். கடைக்காரர் சாக்கோடு எடை போட்டுப் பழகியவர். ஸ்டோர் கீப்பர் கொட்டி எடை போடுகிறவர். இருபது மூட்டை இறங்கினால் பத்துக் கிலோவுக்கு மேல் பேச்சு வந்துவிடும். சாக்கு நீக்கிய எடையையே சலானில் எழுதுவதும், அவர்கள் தராசில் அவர்கள் கண் முன்னால் நிறுத்துக் கொடுப்பதும்தான் இதற்கு மருந்து. நம் மின்னணுத் தராசு, அவர்கள் தராசு இரண்டுக்கும் எடையளவுத் துறையின் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது நலம்.

குறைந்த சரக்கை, தாமதத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு நாங்கள் இப்போது வைத்திருக்கும் வழக்கம் மிக எளிது. காலையில் லோடு கட்டும்போதே எது இல்லை என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டி கிளம்பும் முன்பே மாஸ்டருக்குத் தொலைபேசி செய்து, "கடலைப் பருப்பு இன்று பத்துக் கிலோ குறைகிறது, நாளை காலை ஆறு மணிக்குள் வந்துவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் வடையை விட்டுவிட்டு வேறு ஏதாவது போட்டுக்கொள்வார். வண்டி போய் நின்ற பிறகு அவரே எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தால் அன்று முழுவதும் நம் பெயர்தான் அடுக்களையில் அடிபடும். வேறு கம்பெனிப் பொருளை மாற்றி அனுப்புவதாக இருந்தாலும் இதே முறைதான். கேட்காமல் ஒரு பாக்கெட் பெருங்காயத்தைக்கூட மாற்றக்கூடாது.

பணம்

உறவு கெடுவது சரக்கால் பாதி, பணத்தால் பாதி. புதியவர்கள் பாக்கியைக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, நாலாம் மாதம் மண்டிக்காரர் நெருக்கும்போது கோபமாகப் போய் நிற்கிறார்கள். கணக்கருக்கு அது விளங்காது. மூன்று மாதம் சும்மா இருந்தவர் இன்று ஏன் குதிக்கிறார் என்றுதான் நினைப்பார்.

கடனுக்கு ஆகும் செலவை விலையிலேயே சேர்க்காதவர்கள்தான் இந்த நிலைக்கு வருகிறார்கள். ஏப்ரல் மாதச் சரக்குக்கு ஜூன் முடிவில் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,50,000 ரூபாய் சரக்கு என்றால் ஜூன் கடைசியில் நம் பணம் 4,50,000 ரூபாய் வெளியே நிற்கும். ஒவ்வொரு ரூபாயும் சராசரியாக இரண்டரை மாதம் காத்திருக்கிறது. நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் நூறு ரூபாய்ச் சரக்குக்கு மூன்றே முக்கால் ரூபாய் வட்டியிலேயே போகிறது. மொத்த வியாபாரத்தில் நமக்கு நிற்கும் லாபமே எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். வண்டி வாடகை, இறக்குக்கூலி, இந்த வட்டி மூன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் கொட்டேஷன் எழுத வேண்டும். போட்டிக்காக விலையைக் குறைத்து எழுதிவிட்டு, பிறகு தரத்தில் கைவைப்பவர் நாங்கள் 2015இல் போன வழியிலேயே போகிறார்.

சிறு தொழில் சட்டப்படி 45 நாளில் பணம் வந்தாக வேண்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகரை உத்யம் பதிவில் சேர்த்தபோது, முன்னுரிமை வங்கிக் கடனுக்கு மட்டுமே அந்தப் பலன் என்று அரசு சொல்லிவிட்டது. உற்பத்தியாளருக்கு உள்ள 45 நாள் பாதுகாப்பை நம்பி வாங்கி விற்கும் வணிகர் உட்கார்ந்திருக்க முடியாது. கெடு நாளை ஒப்பந்தத்தில் நாமே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பில் தயாரிப்பதிலும் கணக்கருக்கு உதவலாம். தினமும் ஒரு பில்லாக முப்பது பில்லை மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டாமல், சலான்களை இணைத்து, ஒப்பந்தத்தில் உள்ள வரிசையிலேயே பொருள்களை எழுதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணோடு கொடுத்தால் அவர் ஒரே நாளில் சரிபார்த்துவிடுவார். இனிப்பு, காரம் தயாரித்து விற்கும் ஆலைக்காரருக்குச் சரக்குக் கொடுப்பவர் ஜி.எஸ்.டி. கணக்கைத் தேதி தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும். 2022 ஜனவரி முதல், நாம் தாக்கல் செய்த பில்லுக்குத்தான் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு. நாம் ஒரு மாதம் சோம்பினால் அவர் பணம் முடங்குகிறது. இணக்க வரி முறையில் உள்ளவர்கள் வரி போட்டு பில் தர முடியாது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

கமிஷன் கேட்டால்?

இதை எழுதாமல் விட்டால் உறுப்பினர்கள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். சில இடங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறோம், மறுத்து ஒப்பந்தத்தை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். எங்கள் கருத்து, கொடுக்க வேண்டாம் என்பதே. அந்தக் கணக்கு எங்கும் எழுதப்படாத கணக்கு. ஆள் மாறினால் புதியவர் கேட்பார், பழையவர் காட்டிக்கொடுப்பார். மூட்டைக்குப் பத்து ரூபாய் கொடுப்பவர் அதைத் தரத்திலிருந்தோ எடையிலிருந்தோதான் எடுக்க வேண்டும். கடைசியில் வேகாத பருப்பிலேயே போய் முடியும். நாங்கள் தீபாவளிக்கு மாஸ்டர் முதல் பாத்திரம் துலக்கும் அம்மா வரை எல்லோருக்கும் ஒரே அளவில் இனிப்புப் பெட்டி கொடுக்கிறோம், வார்டன் முன்னிலையில். அதற்கு மேல் கேட்ட ஓர் இடத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விலகி வந்தோம். வருத்தமாகத்தான் இருந்தது, பணமாகவும் நட்டம்தான்.

ஆண்டு முடிவில்

மார்ச் 31 அன்று பாக்கி எவ்வளவு என்று குறித்து, "எங்கள் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்திருந்தால் கையெழுத்திட்டு ஒரு நகலைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கடிதம் கொடுப்பதை ஒவ்வொரு ஆண்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அந்த மூன்று ஆண்டுக்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கிறது. வழக்குக்குப் போகும் எண்ணம் நமக்கு இல்லாவிட்டாலும், கணக்கர் மாறிப் புதியவர் வரும்போது அந்த ஒரு தாள்தான் நமக்காகப் பேசும். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி அனுப்புவதால் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

விலைத் திருத்தப் பிரிவின் வாசகம், மார்ச் 31 கடிதம், மாதிரிப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டு ஆகிய மூன்றின் நகலையும் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். தேவைப்படும் உறுப்பினர்கள் மாலை வேளையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். அவரவர் ஒப்பந்தத்துக்குத் தக்கபடி பொருள்களின் பெயரையும் சதவீதத்தையும் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அப்படியே பார்த்து எழுதிவிடக்கூடாது. உணவகக்காரர்களுக்கு வாரக் கடனில் சரக்குக் கொடுப்பது இதிலிருந்து வேறுபட்ட தொழில். அதை வேறொரு இதழில் தனியாக எழுதுவோம்.